வணக்கம் போட்ட பிறகு

அத்தியாயம் 5

கால் கட்டிய சேவல் ஒன்று பத்துமலையின் மடியில் உட்கார்ந்துகொண்டு அவனையே ஒரு கண்ணால் பார்த்தபடி வந்தது. மனுஷர் யாரும் இன்னும் அவனை அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

பழைய மோரிஸ் மைனர் கார் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஈப்போவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் மாயாண்டி. பக்கத்து சீட்டில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புனிதவதி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாகக் கை உடைந்தவர்களையும் பொய்யாகத் தீப்பிடித்த கடைகளையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த செட்டிநாட்டு ஆச்சி அவள். மாயாண்டி அவளுக்கு டிரைவர், உதவியாள், வாயாடி, மூன்றும் ஒரே சம்பளத்தில்.

"தம்பி, சேவல் உங்கள ஒரு மாதிரி பாக்குது," என்றான் மாயாண்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்து. "அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குலா. எறக்கி வச்சி ஒரு வாக்குமூலம் வாங்கலாமா ஆச்சி?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

பத்துமலை சிரித்து வைத்தான். சிரிக்காவிட்டால் தப்பாகிவிடுமே. சட்டை நுனி அவன் விரல்களுக்கு நடுவில் சுருண்டுகொண்டிருந்தது.

சேவல்தான் இந்தக் கேஸுக்குக் கூலி. பத்துமலையின் அம்மா நல்லம்மாள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் புனிதவதியின் மேஜைமேல் வைத்தாள். தொலைந்தது வைரமா, நிலப் பத்திரமா என்று மாயாண்டி கேட்டானாம். மகனோட கல்யாண வீடியோ டேப்பு என்றாளாம் நல்லம்மாள். மாயாண்டி வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள்: "அதுலதான்யா எங்க வீட்டு மனுஷன் பேசுறாரு."

மாயாண்டி சேவலை வாங்கிக்கொண்டானாம்.

நல்லம்மாளின் வீட்டு மனுஷன், தோட்டத்தில் கூலிகளை மேய்த்த மண்டோர் சின்னையா, மகன் கல்யாணம் முடிந்த மறுவருஷமே கை கால் விழுந்து படுத்தார். பேச்சும் போய்விட்டது. படுத்த படுக்கையாகவே கிடந்து போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வருஷத் திதி. கல்யாண டேப்பை எல்லாரும் பார்த்தது ஒரே ஒரு தடவை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு வீடியோ டெக்கில், லயத்து வீட்டுச் சனமே கூடி நின்று கூச்சல் போட்டுக்கொண்டு. "கடைசியில மைக்கப் புடிச்சி என்னமோ சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, எங்காதுல ஒன்னும் விழல," என்பாள் நல்லம்மாள். திதியன்றைக்கு அதைப் போட்டு அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று அலமாரியிலிருந்து எடுத்தாள். பெட்டி இருந்தது. பெட்டிமேல் மாலையும் கழுத்துமாக மணமக்கள் போட்டோ இருந்தது. உள்ளே டேப் இல்லை.

பழி யார்மேல் விழும்? மருமகள்மேல்தான். மங்களம் தெலுக் இந்தானில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். "நான் எடுக்கல அத்தை," என்று ஒரு தடவை சொன்ன மங்களம் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. இன்று காலையில் அவளுடைய துணிப்பை வாசல் ஓரத்தில் தயாராக இருந்தது. சாயங்கால பஸ்ஸில் தாய் வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. புருஷனும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பான்? டேப் எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே, டீவிக்கு அடியில், சினிமாப் படத்தின் பேரை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கல்யாணத்தின்மேல் படத்தை ஏற்றி அழித்தவன் சாட்சாத் பத்துமலை. பாவி, அதைச் சொல்லாமல், "கடையிலேருந்து எடுத்த வாடகை டேப்போட கலந்து போயிருக்கும்லா," என்று உளறி வைத்தான். பெண்டாட்டிமேல் இருக்கிற பழி நீங்க வேண்டும், தன்மேலும் விழக்கூடாது. அந்த உளறலைப் பிடித்துக்கொண்டுதான் புனிதவதி இப்போது அந்த வீடியோக் கடைக்குப் போகிறாள்.

"அடையாளம் காட்ட நீங்களும் வாங்க தம்பி," என்றாள் அவள். அதனால்தான் கூலிச் சேவல் கிடந்த பின் சீட்டில் அவன், அவன் மடியில் சேவல்.

*

ஈப்போவில், புந்தோங்கில் பிச்சைமுத்துவின் வீடியோக் கடை வாசலிலேயே சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும்: 'டேப்பை முதலுக்குச் சுத்திக் கொண்டுவராதவர்களுக்கு அடுத்த படம் இல்லை.' சாமி படத்துக்குக்கூட அவ்வளவு பெரிய எழுத்துப் போடமாட்டார் மனுஷன்.

"கல்யாண டேப்பா? என் கடைக்கா?" பிச்சைமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "திரும்பி வர்ற டேப்ப ஒவ்வொன்னா டெக்குல போட்டுப் பாத்து, நம்ப கடை பச்ச ஸ்டிக்கர் இருக்கான்னு தடவிட்டுத்தான் அலமாரில வப்பேன். அடுத்தவன் கல்யாணத்த வாடகைக்கு விட்டா எவன் எடுப்பான்?"

"என்னோட கல்யாணமா இருந்தா எடுப்பாங்கண்ணே," என்றான் மாயாண்டி. "சண்டைக் காட்சியெல்லாம் இருக்கு. ரெண்டு மாமனும் மேளக்காரனும்."

புனிதவதி அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இவரு உங்க வாடிக்கைதானே. என்ன படம் எடுப்பாரு?"

பத்துமலை அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். பிச்சைமுத்து அவனைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார். கெடுக்கப்போகிறவர்கள் எல்லாரும் முதலில் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

"நம்ப பத்துமலையா? அப்பல்லாம் ஒரே படந்தான் எடுப்பாரு. அந்த அண்ணன் தங்கச்சி படம், கறுப்பு வெள்ள. வெள்ளிக்கிழம ஆனா வந்து நின்னுடுவாரு. அப்பாவுக்குப் புடிக்குமாம், பேச்சில்லாம படுத்திருக்காரு, அந்தப் படம் போட்டா மட்டும் எடது கையால தாளம் போடுறாருன்னு சொல்லுவாரு. நல்ல புள்ள."

நல்ல பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். தாளம் போட்டது நிஜம். படம் முடிந்ததும் அந்தக் கை மறுபடியும் டீவியைக் காட்டும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மறுநாள் டேப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? டேப் போன வீட்டில் அவர் அந்தக் கையை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"ஒரு நாளு விலைக்கே கேட்டாரு," என்றார் பிச்சைமுத்து. "நான் தரலக்கா. வாடகைக்கு ஓடுற படத்த வித்துப்புட்டா, அடுத்த வாரம் இன்னொருத்தன் வந்து கேட்டா என் மூஞ்சியவா காட்டுறது? காலி டேப்பு வாங்கிப் பதிஞ்சிக்கங்கன்னு நானே வழி சொன்னேன். கண்ணாடி அலமாரியிலேருந்து எடுத்தும் குடுத்தேன். கையில வச்சிப் பாத்தாரு, வெலயக் கேட்டாரு, திருப்பிக் குடுத்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, அந்தப் படத்த எடுக்கறதயே நிப்பாட்டிட்டாரு."

பத்துமலைக்கு அந்தக் காலி டேப் இன்னும் கையில் இருப்பதுபோலவே இருந்தது. அதை வாங்கியிருக்கலாம். வாங்க முடியாமல் ஒன்றும் இல்லை. கஞ்சத்தனம்தான், வேறென்ன. வீட்டில்தான் ஒரு டேப் சும்மா கிடக்கிறதே, கல்யாணத்தை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான். அப்பா உயிரோடு கண்முன்னால் இருந்தார், பேச்சு மெல்லத் திரும்பும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். டேப்பில் இருக்கிற குரலைப் பற்றி யாருக்கு நினைப்பு? கிராணி வீட்டு டெக்கை இரவல் வாங்கி வந்து, அப்பா படுத்த பிறகு வாங்கிய தங்கள் டெக்கோடு கம்பியால் இணைத்து, ஒரே மத்தியானத்தில் காரியத்தை முடித்தான். அப்பா கடைசி மூச்சு வரைக்கும் தினமும் தாளம் போட்டார். அவரைத் தூக்கிப்போட்டு வந்த மறுவாரம்தான் அவர் குரல் இருந்த ஒரே டேப் அதுதான் என்று இவனுக்கு உறைத்தது. வீடியோ எடுத்தவனைத் தேடிக் காம்பார் வரைக்கும் ஓடினான். அவன் பிரதி ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"சலிச்சிப் போயிருக்கும்," என்றாள் புனிதவதி மெதுவாக.

"வாராவாரம் தின்ன நாசி லெமாக் ஒரே நாள்ல சலிக்குமா ஆச்சி?" என்றான் மாயாண்டி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே பட்டது போலிருக்கிறது. பத்துமலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, போஸ்டர் பார்க்கப் போய்விட்டான்.

புனிதவதி விடவில்லை. "இவரு டேப்ப சுத்திக் குடுப்பாரா?"

"அதுல இவர அடிச்சிக்க ஆளில்ல. ஒரே ஒரு தடவ சுத்தாம கொண்டாந்து என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதுலேருந்து படம் முடிஞ்சி 'வணக்கம்'னு போட்ட ஒடனே எந்திரிச்சி சுத்திடுவாராம். அவரே சொல்லுவாரு."

"படம் எவ்வளவு நேரம் ஓடும்?"

"மூணு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கம்மி."

அவள் பத்துமலையின் பக்கம் திரும்பினாள். "கல்யாண டேப்பு தம்பி?"

"மூணு மணி நேர டேப்பு அக்கா. வீடியோக்காரன் முழுசா ரொப்பிட்டான்," என்றான். எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் பார்வை மட்டும் ஒரு தடவை அவன் முகத்திலிருந்து இறங்கிச் சட்டை நுனிக்குப் போய்த் திரும்பியது.

"போலாம் மாயாண்டி," என்று அவள் கைப்பையை மூடினாள்.

*

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பரை வெட்டிவிட்டு நட்ட செம்பனை.

"நான் ஒன்னு கேக்குறேன் ஆச்சி," என்றான் மாயாண்டி. "தோட்டத்துல எதுதான் நமக்குச் சொந்தம்? வீடு கம்பெனியோடது. மரம் கம்பெனியோடது. கக்கூஸ் கதவுகூட கம்பெனியோடது. ஒரு படமாச்சும் நம்பளுதா இருக்கட்டும்னு ஒருத்தன் நெனச்சா அது தப்பா?"

"தப்பே இல்ல," என்றாள் புனிதவதி. அப்புறம் சீட்டின்மேல் கையைப் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பினாள். "காலையில உங்க டீவிக்கு அடியில டேப்புங்களப் பாத்தேன் தம்பி. எல்லாத்துலயும் பச்ச ஸ்டிக்கர், வாடகை. ஒன்னுல மட்டும் இல்ல. கல்யாணம் எடுக்கிறவங்க டேப்பு முதுகுல ஒரு சின்னத் துண்ட ஒடச்சி விட்டுடுவாங்க, மேல யாரும் பதிஞ்சிடக் கூடாதுன்னு. நீங்க வச்சிருக்கிற டேப்புல அந்த ஓட்டய பிளாஸ்டர் போட்டு மூடியிருக்கு. கால்ல அடிபட்டா ஒட்டுவோமே, அந்தப் பிளாஸ்டர்."

பத்துமலை சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"காலையிலயே தெரியுமா அக்கா?"

"யாருன்னு தெரியும். ஏன்னு தெரியல. அதுக்குத்தான் கடைக்குப் போனேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். மங்களம் பஸ் ஏர்றதுக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்றேன்கா," என்றான். நிஜமாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். அம்மா, நான்தான். மங்களம், நான்தான். இரண்டே சொல். என்ன பெரிய மலையா?

மலைதான். வீட்டு வாசலில் மங்களம் துணிப்பையோடு நின்றிருந்தாள், தலை வாரி, பஸ்ஸுக்குப் புறப்பட்ட சேலையோடு. அம்மா உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்துமலை வாயைத் திறந்தான். "மழ பெய்யுது," என்றான். அதைத்தான் சொல்ல முடிந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவனுக்கே இருந்தது.

புனிதவதி ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"கடையில ஒன்னும் இல்லம்மா," என்றாள் நல்லம்மாளிடம். "ஒரு படத்தோட கடைசிய மட்டும் பாத்துட்டுப் போயிடுறோம். மங்களம், நீயும் ஒக்காரும்மா. பஸ் போயிட்டா மாயாண்டி தெலுக் இந்தான் வரைக்கும் கொண்டுபோய் விடுவான்."

"சேவலோடயே போலாம்," என்றான் மாயாண்டி.

மங்களம் உட்காரவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள். புனிதவதி ஸ்டிக்கர் இல்லாத டேப்பை எடுத்து டெக்கில் தள்ளி, ஓட்டி ஓட்டிக் கடைசிக்குக் கொண்டுவந்தாள். கறுப்பு வெள்ளையில் தங்கச்சி அழுதாள். அண்ணன் அழுதான். பாட்டு ஏறியது. பத்துமலைக்கு அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தில் தட்டுவது காதில் கேட்டது.

'வணக்கம்' என்று போட்டது. பத்துமலை எழுந்துவிட்டான், கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"தொடாதீங்க தம்பி," என்றாள் புனிதவதி. "டேப்பு உங்களுதுதானே. சொந்த டேப்ப யாரு இவ்வளவு அவசரமா சுத்துவா? கொஞ்ச நேரம் ஓடட்டும்."

திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தது. அவன் விட்ட இடத்திலேயே நின்றான். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது இந்த இரைச்சலைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறானா? இல்லையே. இரைச்சல் நின்றது. கலர் வந்தது. நாதஸ்வரம் வந்தது. கோயில் மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

நல்லம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள், டெக்கைப் பார்த்தாள், அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினாள். "இதுமேலயா படத்தப் பதிஞ்ச? நீதான படம் படம்னு கெடப்ப. எங்கடீ குடுத்து இத அழிச்ச?"

மங்களம் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இப்போது சொல், இப்போதாவது சொல்லித் தொலை என்று பத்துமலைக்குள் எதுவோ அடித்துக்கொண்டது.

அப்போது திரையில் யாரோ மைக்கை நீட்டினார்கள். வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக சின்னையா அதை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"கேக்குதாலா?" என்றார்.

நல்லம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நல்லா சாப்புட்டுட்டுப் போங்க. மருமவளே, மங்களம், எங்க இருக்க? ஒனக்கு ஒன்னு சொல்லித் தாரேன், கேட்டுக்க. எம்மவன் நல்ல பய. ஆனா தப்புப் பண்ணிட்டான்னா வாயத் தொறக்கவே மாட்டான். அடிச்சாலும் வராது. நீ அவன் வாயப் பாக்காத, கையப் பாரு. சட்ட நுனியப் புடிச்சி முறுக்குவான். முறுக்குனான்னா அவன்தான், வேற சாட்சியே வேணாம்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் மங்களம் பார்த்தாள். அப்புறம் நல்லம்மாள் பார்த்தாள். கடைசியில் பத்துமலையே குனிந்து பார்த்தான். சட்டை நுனி அவன் விரல்களில் கயிறாக முறுக்கி இருந்தது.

"அப்ப அவனத் திட்டாத ஆயி," என்றார் சின்னையா, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து. "பக்கத்துல போய் சும்மா ஒக்காரு. தானா சொல்லுவான்."

படம் நின்றது. டேப் தீர்ந்து டெக் தானே ஓய்ந்தது.

"நான்தான்," என்றான் பத்துமலை. "நான்தாம்மா. மங்களம், நான்தான்." குரல் உடைந்து, சின்னப் பையனைப்போல அழுதான்.

புனிதவதி எழுந்து செருப்பை மாட்டினாள். "மாயாண்டி, சேவல அவுத்து விட்டுடு. கேஸ முடிச்சவரு பெரியவரு. கூலி இந்த வீட்டுக்கே சேரட்டும்." மாயாண்டி சேவலை அவிழ்க்க எழுந்தான். மழையில் காரைப் பார்த்து நடந்தான்.

நல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. "மறுபடி போடு," என்றாள் திரையைப் பார்த்து. "இப்பதான் காதுல விழுந்துச்சு."

பத்துமலை பொத்தானுக்குக் கையை நீட்டினான். அதற்குள் மங்களம் வந்துவிட்டாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. அவன் பக்கத்தில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சுத்துறேன்," என்றாள். "நீங்க சொல்லுங்க. மொதல்லேருந்து."